‘வாயைக் கட்டு’ என்று சொல்லாதீர்கள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

உடல் எடை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் கேள்வியைவிட மன்னிப்புதான் அதிகமாக இருந்தது. ‘என் தப்புதான் டாக்டர்’, ‘எனக்கு நாக்கு நீளம் மேடம்’ என்று தொடங்கும் கடிதங்கள். ஹார்மோன் மருத்துவராகப் பல வருடங்களாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. அதனால் இந்த முறை டயட் சார்ட் கிடையாது. பசியை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பேசுவோம்.

கேள்வி: இன்று குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்கிறேன். மதியம் வரை சரியாகப் போகிறது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாம் போய்விடுகிறது. ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்கிறார் என் அக்கா. நிஜமாகவே எனக்கு மன உறுதி இல்லையா? (வாசகி, 41 வயது)

பதில்: மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடம் முடியும், பழகினால் இன்னும் கொஞ்சம் முடியும். அப்புறம் உங்களைக் கேட்காமலே நெஞ்சு விரிந்து காற்றை இழுத்துவிடும். அதைப் பார்த்து யாரும் ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று சொல்வதில்லை. பசியும் அந்த ரகம்தான். மூச்சுக்கு நிமிடக் கணக்கு என்றால் பசிக்கு மணிக்கணக்கு, மாதக்கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எடை சுமார் 4 கிராம். உடல் சூடு, தாகம், தூக்கம், பசி எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள் பசிக்கென்றே இரண்டு வகை நரம்பணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஏ.ஜி.ஆர்.பி. நியூரான்கள் ‘சாப்பிடு’ என்று தூண்டும். பி.ஓ.எம்.சி. நியூரான்கள் ‘போதும்’ என்று அடக்கும். 2011ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் மூளையில் முதல் வகை நியூரான்களை மட்டும் ஒளி பாய்ச்சித் தூண்டினார்கள். நன்றாகத் தின்று வயிறு நிறைந்திருந்த எலிகள்கூட சில நிமிடங்களில் மறுபடி தின்னத் தொடங்கின. பிறகு நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த நியூரான்கள் வேலை செய்யும் நிலையே எலிகளுக்குப் பிடிக்கவில்லை. எந்த இடத்தில் அவை தூண்டப்பட்டனவோ அந்த இடத்தை எலிகள் ஒதுக்கின. அதாவது பசி என்பது வெறும் தகவல் இல்லை, தொல்லை. தீரும்வரை விடாத தொல்லை.

இப்போது உங்கள் சாயங்காலத்துக்கு வருவோம். காலையிலிருந்து நீங்கள் குறைத்துக்கொண்டே வந்ததால் இந்த நியூரான்கள் மணிக்கணக்காக முடுக்கத்தில் இருக்கின்றன. இதோடு உடலின் உள்கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. உணவு நேரம், தூக்க நேரம் ஆகியவற்றின் பாதிப்பைப் பிரித்தெடுத்துப் பசியை மட்டும் அளந்த ஓர் ஆய்வு 2013ல் வெளியானது. அதில் பசி காலை 8 மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு 8 மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. காலையில் உறுதி எடுப்பது சுலபம், ஏனென்றால் அப்போது பசியே குறைவு. சாயங்காலம் தோற்பது நீங்கள் இல்லை, சகோதரி. தப்பான நேரத்தில் மிச்சம் பிடிக்கச் சொன்ன திட்டம்தான் தோற்கிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இது. மதியம் புரதம் உள்ள முழுச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள். ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். வீட்டுக்குள் நுழையும்போது பசி உச்சத்தில் இருக்கக் கூடாது. அக்காவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் பசியைக் குறைக்கிறது என்று படித்தேன். குண்டாக இருப்பவர்களுக்குக் கொழுப்பு அதிகம், லெப்டினும் அதிகம் இருக்கும். அப்படியானால் அவர்களுக்குப் பசியே இருக்கக் கூடாதே? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, விஞ்ஞானிகளைப் பல வருடம் அலையவைத்த கேள்வி இது. கதையை முதலிலிருந்து சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை.

1949ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் அளவுக்கு மீறிப் பருத்த சில எலிகள் தற்செயலாகப் பிறந்தன. தின்றுகொண்டே இருந்தன. 1966ல் அதே கூடத்தில் இன்னொரு வகைக் குண்டு எலி. இதற்கு நீரிழிவும் கடுமையாக இருந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் போகும்படி செய்தார். இரண்டாம் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தால் குண்டு எலிக்கு எதுவும் ஆகவில்லை. சாதாரண எலி தின்பதை நிறுத்திவிட்டுப் பட்டினியில் செத்தது. முதல் வகைக் குண்டு எலியை அதே இரண்டாம் வகையோடு இணைத்தபோதும் முதல் வகை எலி தின்னாமல் செத்தது. ஆனால் முதல் வகையைச் சாதாரண எலியோடு இணைத்தபோது அது அளவாகத் தின்று இளைத்தது.

யோசித்துப் பார், விடை கிடைத்துவிடும். ரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓடுகிறது. முதல் வகை எலிக்கு அது சுரப்பதே இல்லை. இரண்டாம் வகைக்கு ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் மூளை அதைக் கேட்பதில்லை. அந்தப் பொருள் எது என்று தெரியாமலே கோல்மன் இதை 1970களின் தொடக்கத்தில் சொல்லிவிட்டார். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994ல் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின்.

மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். உறவுக்குள் திருமணம் செய்த குடும்பம். இருவரும் நெருங்கிய உறவுக் குழந்தைகள். பெண்ணுக்கு 8 வயது, எடை 86 கிலோ. பையனுக்கு 2 வயது, எடை 29 கிலோ. லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பெண் குழந்தைக்கு லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். சில நாட்களிலேயே சாப்பாட்டின்மீது இருந்த வெறி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அதுவரை அந்தக் குழந்தையை ‘பேராசைக்காரி’ என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! அவளை வளர்த்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு புரதம் குறைந்திருந்தது.

சரி, இனி உன் கேள்வி. எடை கூடிய பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாம் வகை எலியின் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் லெப்டின் குறைவில்லை, தாராளமாகவே இருக்கிறது. ஆனால் ஹைப்போதாலமஸ் அதற்குச் சரியாகப் பதில் தருவதில்லை. ‘லெப்டின் எதிர்ப்பு நிலை’ என்கிறோம். அதனால்தான் பொதுவான உடல் பருமனுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தபோது பெரிய பலன் கிடைக்கவில்லை. இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. லெப்டின் கூடும்போது மூளை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. லெப்டின் குறையும்போதுதான் அலறுகிறது. உணவு கிடைப்பது நிச்சயமில்லாத காலத்தில் உருவான உடல் இது. கொழுப்பு சேர்வது அதற்கு ஆபத்தாகத் தெரியாது, கரைவதுதான் ஆபத்து. அடுத்த கேள்விக்கான பதிலும் இங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

கேள்வி: ஆறு மாதம் கஷ்டப்பட்டு 12 கிலோ குறைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் 14 கிலோ கூடிவிட்டது. இப்போது வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது. மறுபடி அதே டயட்டைத் தொடங்கட்டுமா? (வாசகர், 35 வயது)

பதில்: கூச்சப்பட எதுவுமே இல்லை. உங்களுக்கு நடந்தது டயட் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எடை அதிகமான 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2011ல் வெளியாயின. எடை நன்றாகவே குறைந்தது. லெப்டின் சரிந்தது. வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் க்ரெலின் கூடியது. சாப்பிட்டதும் குடல் அனுப்பும் ‘போதும்’ ஹார்மோன்கள் குறைந்தன. இதெல்லாம் டயட் நடக்கும்போது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ஒரு வருடம் கழித்து அளந்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. டயட்டை முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். மூளையின் கணக்கில் பஞ்சம் இன்னும் முடியவில்லை.

அதோடு உடல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் எடை குறைக்கும் டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து மறுபடி அளந்தார்கள். பெரும்பாலோர் குறைத்த எடையில் கணிசமான பகுதியைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அப்படியிருந்தும், சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பசி கூடுகிறது, செலவு குறைகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால் யார்தான் நிற்க முடியும்?

மன உறுதி பற்றிப் பேசுபவர்களிடம் நான் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினியின் விளைவுகளை அறிய ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள். அந்தக் காலத்தில் அப்படி மறுக்கவே எவ்வளவு திடம் வேண்டும்! உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அரை வயிற்று உணவில் 24 வாரம். எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை. சமையல் புத்தகங்கள் சேர்த்தார்கள். தட்டை நக்கினார்கள். மறுபடி வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி தீரவில்லை என்றார்கள் சிலர். இவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் கேள்விக்கு நேரடியாக: அதே டயட் வேண்டாம். 12 கிலோவைக் குறிவைக்காதீர்கள். உங்கள் எடையில் நூற்றுக்கு 5, 7 குறைந்து அது அங்கேயே நின்றால் அதுவே பெரிய விஷயம். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உடற்பயிற்சி எடையை இறக்குவதைவிட இறங்கிய எடையை ஏறாமல் பிடித்துவைக்கத்தான் அதிகம் உதவுகிறது. எடை இறங்கிய பிறகு வரும் முதல் வருடம்தான் கடினமான வருடம். டாக்டரைப் பார்ப்பதை அப்போது நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் ‘நன்றாக இளைத்துவிட்டாய்’ என்று பாராட்டிவிட்டு விலகுவது சரியாக அந்த நேரத்தில்தான்.

கேள்வி: வயிறு நிறையச் சாப்பிட்டு எழப்போகும்போது இனிப்பு வந்தால் மட்டும் அதற்கு எப்படி இடம் கிடைக்கிறது? (வாசகி)

பதில்: வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் மூளையில் ஓர் உணவின் சுவை சலிப்பது வேறு, உணவே போதும் என்றாவது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சுவை மட்டும் சலித்துப்போய், புதுச்சுவை வந்தால் ஆசை திரும்ப எழுவதை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின. பல சுவை இருந்தால் எல்லோருமே கூடுதலாகச் சாப்பிடுவோம். பல சத்தும் கிடைக்க உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது.

இன்னொரு பக்கம் டோபமின். ரசிப்பதற்கான ரசாயனம் என்று இதைச் சொல்கிறார்கள். நாடுவதற்கான ரசாயனம் என்பது பொருத்தம். டோபமின் உண்டாகாதபடி மரபணுவை மாற்றிய எலிகள், பக்கத்தில் உணவு இருந்தும் அதைத் தேடிப் போகாமல் பட்டினியில் செத்தன. வாயில் வைத்தால் விழுங்கின. இனிப்பு அவற்றுக்கு அப்போதும் பிடித்திருந்தது! எழுந்துபோய் எடுக்க வேண்டும் என்ற உந்துதல்தான் இல்லை. நமக்கு அந்த உந்துதல் பார்வையாலேயே, வாசனையாலேயே கிளம்பிவிடுகிறது.

அதைச் சரியாகக் கிளப்பும்படி தொழிற்சாலைகளில் உணவைத் தயாரிக்கிறார்கள் என்பதில்தான் என் கோபம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2019ல் வெளியானது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். ‘போதும்’ என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்கு வந்து சேர நேரம் ஆகிறது. அதற்குள் தட்டு காலி.

கேள்வி: டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவதில் என்ன தவறு?

பதில்: மூளை வயிற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதில்லை, ஞாபகத்தையும் பார்க்கிறது. சற்றுமுன் நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாத இரண்டு நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, கொஞ்ச நேரத்தில் இன்னொரு சாப்பாட்டை வைத்தார்கள். சாப்பிட்டார்கள். மூன்றாவதையும் பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கினார்கள். 1998ல் வெளியான ஆய்வு இது. கவனம் திரையில் இருந்தால் சாப்பிட்டது மனதில் பதியாது. அடுத்த வேளையிலும் அது தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. கைக்குழந்தையிலிருந்தே பசி தாங்க மாட்டான். இப்போது ராத்திரி எழுந்து சாப்பாடு தேடுகிறான். எடை அவன் வயதுக்கு மிக அதிகம். பள்ளியில் கேலி செய்கிறார்கள். ‘நீதான் ஊட்டி ஊட்டிக் கெடுத்துவிட்டாய்’ என்று உறவினர்கள் என்னைச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு தாய்)

பதில்: அம்மா, முதலில் உங்களுக்கு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரைப் பெரியவர்களான பிறகு ஆராய்ந்தார்கள், 1986ல். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போயிற்று. எடுத்து வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. எடையில் மரபணுவின் பங்கு அவ்வளவு பெரிது. ஊட்டி வளர்த்ததற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்களை நான் அடிக்கோடிட்டேன்: கைக்குழந்தையிலிருந்து தீராத பசி, இவ்வளவு சிறு வயதிலேயே கூடிய எடை, ராத்திரி எழுந்து உணவு தேடுவது. இவை சேர்ந்து வந்தால் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும். மூளையில் ‘போதும்’ என்ற செய்தியை வாங்கும் எம்.சி.4.ஆர். என்ற ஏற்பியின் மரபணுவில் கோளாறு இருக்கலாம். ஒற்றை மரபணுவால் வரும் உடல் பருமனில் இதுதான் அதிகம் காணப்படுவது. பிறந்தபோது துவண்டு, பால் குடிக்கச் சிரமப்பட்டு, அப்புறம் சில வருடம் கழித்து அடங்காத பசி வந்த குழந்தை என்றால் ப்ராடர் வில்லி நோயா என்று பார்ப்போம். உங்கள் மகனின் கதை அப்படித் தோன்றவில்லை, இருந்தாலும் நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குறைந்த எண்ணிக்கையிலான சில மரபணுக் கோளாறுகளுக்கு செட்மெலனோடைடு என்ற மருந்து 2020ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அதனால் பரிசோதனை வீண் போகாது. இவற்றோடு தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலோ, எடை திடீரென்று ஏறி உயரம் கூடாமல் நின்றுவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை அவனை மட்டும் தனியாகப் பட்டினி போடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, சொன்ன நேரத்தில் சாப்பாடு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தின்பண்டம் இல்லை. இது போதும். பள்ளிக்கு நீங்களே போய் ஆசிரியரிடம் பேசுங்கள். அவன் பசி பொய்ப்பசி இல்லை. அவனுக்கு நிஜமாகவே பசிக்கிறது.

கேள்வி: வாரம் ஒரு ஊசி போட்டால் எடை குறைகிறதாமே? போடலாமா? (வாசகர், 48 வயது)

பதில்: பலருக்குக் குறைகிறது. சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சுரக்கும். ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும். ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லியின் நச்சில் அதே வேலையைச் செய்யும், சீக்கிரம் கரையாத ஒரு பொருள் இருப்பதை 1992ல் ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்தார். அதை ஒட்டி 2005ல் நீரிழிவுக்கு முதல் மருந்து வந்தது. இப்போது பேசப்படும் செமாக்ளூடைடு என்ற வார ஊசி அதே குடும்பம். மூளையின் பின்பகுதியிலும் ஹைப்போதாலமஸிலும் வேலை செய்து பசியைத் தணிக்கிறது. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது.

என்னிடம் வரும் ஓர் அம்மா, ஊசி தொடங்கிய சில வாரத்தில் சொன்னார்: “தலைக்குள்ள எப்பவும் சாப்பாட்டைப் பத்தி ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும் டாக்டர், அது நின்னுடுச்சு. மத்தவங்கள்லாம் இப்படித்தான் இருக்காங்களா?” அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி என்னை உலுக்கியது. அந்தப் பேச்சே ஓடாத தலையோடு பிறந்தவர்கள்தானே இவரைப் பார்த்து இத்தனை வருடம் ‘கட்டுப்பாடு இல்லை’ என்றார்கள்!

ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இரத்த அழுத்த மாத்திரைபோல நீண்ட நாள் எடுக்க வேண்டிய மருந்து என்று நினைத்துத்தான் தொடங்க வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணமாக வரும். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். கொழுப்போடு தசையும் குறையும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் போடக் கூடாது. உங்கள் எடை, சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்து மருத்துவர் தரட்டும். கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைக்க இது மருந்தில்லை.

கேள்வி: எனக்கு நைட் ஷிஃப்ட். தூக்கம் குறைந்த நாட்களில் கண்டதையும் தின்னத் தோன்றுகிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணிநேரம் மட்டும் தூங்கவிட்டதில் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, க்ரெலின் 28 சதவீதம் கூடியது. 2022ல் வெளியான ஆய்வில், தூக்கம் குறைந்தவர்களை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கவைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை அறிவுரை இல்லை. நாளுக்குச் சுமார் 270 கலோரி தானாகவே குறைந்தது. பகலில் இருட்டறையில் தொடர்ச்சியாகத் தூங்க வழி செய்துகொள்ளுங்கள். குறட்டை பலமாக இருந்தால் அதையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: என் எடைக்குத் தைராய்டுதான் காரணமா?

பதில்: தைராய்டு குறைவால் சில கிலோ கூடும், அதில் பெரும்பகுதி உடலில் தேங்கும் நீரும் உப்பும்தான். 20, 30 கிலோ கூடினால் வேறு காரணமும் தேடுங்கள்.

கேள்வி: யாரும் இல்லாத நேரத்தில் ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டுவிடுகிறேன். பசியே இருக்காது. நிறுத்த முடிவதில்லை. முடிந்ததும் அருவருப்பாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: எழுதியதற்கு நன்றி. இதற்கு ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ என்று பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, கட்டுப்பாடு கைவிட்டுப் போனதுபோல் தோன்றுவது, பிறகு வரும் அவமான உணர்வு. இது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதைத் தனி நோயாகவே மனநல மருத்துவம் வரையறுத்திருக்கிறது. 2013லிருந்து அதிகாரபூர்வமாகவே. எடை அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை.

இப்போது டயட் இருக்கவே இருக்காதீர்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் இரவில் அந்த நேரம் இன்னும் கடுமையாக வரும். வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவதில்தான் சிகிச்சையே தொடங்குகிறது. சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மனநல மருத்துவரிடம் போய் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் கடிதத்தின் அந்த ஐந்து வரியை அப்படியே காட்டுங்கள். போதும். சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கும் பழக்கமோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமோ இருந்தால் இந்த வாரமே போங்கள்.

கேள்வி: கல்யாணமாகி எட்டு வருடத்தில் மனைவிக்கு எடை ரொம்பக் கூடிவிட்டது. எடுத்துச் சொன்னால் கோபப்படுகிறாள். அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது மேடம்? (வாசகர்)

பதில்: சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியும். கண்ணாடி இருக்கிறது, உறவினர்கள் இருக்கிறார்கள். எடைக்காகத் தங்களைக் கேவலமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்களைச் சில வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் உடல் பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. சொல்லிக்காட்டுவது மருந்தாக வேலை செய்வதில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அவர் இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்று பாருங்கள். குழந்தைக்காக எழுந்திருப்பது அவர் மட்டும்தான் என்றால் பாதி இரவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கேளுங்கள். ஸ்டீராய்டு, வால்ப்ரோயேட், ஓலான்சபின், மிர்டாசபின், இன்சுலின் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. தானாக நிறுத்தக் கூடாது, ஆனால் மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்கலாம். அவராக ஒருநாள் ‘டாக்டரைப் பார்க்கலாமா’ என்று கேட்டால் லீவு போட்டுக் கூடப் போங்கள். உள்ளே பேசுவது அவராக இருக்கட்டும்.